மண் காயும்வரை

மழை விட்டு இரண்டு நாள்கள் ஆகியும் அலிசோ அண்ட் வுட் கேன்யன்ஸ் வனப்பூங்காவின் வாயிலில் பாதைகள் மூடப்பட்டிருப்பதாக அறிவிக்கும் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருந்தது. எனக்கு முன்பே அங்கு வந்திருந்த இன்னொரு சைக்கிள்காரர், இவ்வளவு வெயில் காய்கிறதே, இன்னுமா மூடி வைத்திருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் வேலியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். அது திரண்டு உருண்டையாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கலாம் போலிருந்த அந்த மண்ணின்மீது சக்கரத்தை உருட்டக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அன்று பலகை தேவைப்படவில்லை. ஆனால் அந்த அறிவு வந்து சேர ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), லகுனா பீச், அலிசோ வியெஹோ, லகுனா நிகெல் ஆகிய ஊர்களுக்கு நடுவே, கடலையொட்டிய குன்றுகளிலும் அவற்றின் இடுக்கிலுள்ள பள்ளத்தாக்குகளிலுமாக ஏறத்தாழ 4,500 ஏக்கர் பரப்பில் இந்தப் பூங்கா விரிந்திருக்கிறது. நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், சைக்கிளில் வருபவர்கள் என மூவகையினரும் பகிர்ந்துகொள்ளும் பாதைகள் இங்கே 30 மைல்களுக்கு மேல் உள்ளன. காலை ஏழு மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடுகிறார்கள். என் வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடலாம். வாரக்கடைசியில் ஒரு நாளாவது அங்கே போகாவிட்டால் எனக்கு அந்த வாரம் முடிந்ததாகத் தோன்றுவதில்லை.

நான் ஓட்டுவது கிராவல் சைக்கிள். கிராவல் என்ற சொல் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. மனையை உயர்த்துவதற்கும் சாலைக்கு அடித்தளம் போடுவதற்கும் லாரி லாரியாக வந்து கொட்டப்படும் செம்மண் கலந்த சரளையைத்தான் அங்கே கிராவல் என்கிறோம். கப்பியும் சரளையுமாகக் கிடக்கும் பாதையில், ஒல்லியான டயர் போட்ட சாலைச் சைக்கிள் தடுமாறும்; மலைச் சைக்கிளோ அந்தப் பாதைக்குத் தேவைக்கு மேல் கனமாகவும் மந்தமாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இந்த வகை. பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும், ஆனால் அதன் கீழ்முனைகள் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும்; இறக்கத்தில் பிடியை அகலமாக்கிக்கொள்ள அது உதவும். பிரேக் டிஸ்க் பிரேக். என்னுடையதில் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், 40 பற்கள். பின்னால் 11 முதல் 42 பற்கள் வரை பதினோரு சக்கரங்கள். டயரின் அகலம் 42 மில்லிமீட்டர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது டயரில் இருக்கும் காற்று. ஊரில் வாடகைச் சைக்கிள் கடையில் காற்றடித்தால், கட்டைவிரலால் அழுத்தும்போது டயர் கல்லைப் போல இருக்க வேண்டும் என்பதே என் சிறு வயது இலக்கணம். சாலைச் சைக்கிளுக்கு இன்றும் அது ஓரளவு பொருந்தும். மண்பாதையில் அந்த இலக்கணம் தலைகீழாகிறது. இறுக்கமாகக் காற்றடைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் அது தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை, நாம் மிதிக்கும் வலுவில் ஒரு பங்கு மேலும் கீழும் குலுங்குவதிலேயே வீணாகிவிடுகிறது. என் எடைக்கு 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் காற்றை நிறுத்தினால், டயர் சிறு கல்லின்மீது ஏறாமல் அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கடக்கிறது. உள்ளே ட்யூப் கிடையாது. ரப்பர்ப் பால் கலந்த ஒரு திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முள் குத்தினால் அந்தத் திரவம் துளைக்கு விரைந்து உறைந்து அடைத்துவிடும். இப்படிக் காற்றைக் குறைத்த முதல் நாளில்தான், தரை என்பது ஒரே பொருளால் ஆனதன்று என்று என் கைகளுக்குத் தெரிந்தது.

இந்த விளையாட்டு முதலில் பேர் பெற்றது அமெரிக்காவின் நடுப்பகுதியில். கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா என்னும் சிற்றூரில், ஃப்ளின்ட் ஹில்ஸ் புல்வெளிகளின் ஊடே செல்லும் கப்பிச்சாலைகளில் 200 மைல் ஓட்டும் பந்தயம் ஒன்று 2006இல் முப்பத்துச் சொச்சம் பேருடன் தொடங்கியது. இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் அதில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் உலகப் போட்டியும் நடந்தது. பந்தயங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. கார்கள் குறைவாக வரும் மண்சாலைகளில் நெடுந்தொலைவு போக வேண்டும் என்ற எளிய ஆசையிலிருந்து இந்தச் சைக்கிள் பிறந்தது என்பதால் மட்டுமே இதைச் சொல்கிறேன்.

வனப்பூங்கா என்று நான் எழுதுவது ஆங்கிலத்தில் வில்டர்னஸ் பார்க். வில்டர்னஸ் என்ற சொல்லைத் தமிழ் விவிலியம் வனாந்தரம் என்றது. மனிதன் குடியிருக்காத இடம், தன் போக்கில் கிடக்கும் நிலம் என்ற பொருள் அதில் நன்றாக வருகிறது. அமெரிக்கச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு மிகக் கறாரான பொருள் உண்டு. 1964 செப்டம்பர் 3 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம், அப்படி அறிவிக்கப்பட்ட கூட்டரசு நிலங்களில் மோட்டார் வண்டிகளையும் 'இயந்திரப் போக்குவரத்து' எதையும் தடை செய்கிறது. சைக்கிள் இயந்திரப் போக்குவரத்தா என்ற கேள்வி அப்போது கூர்மையாக எழவில்லை. உயிரில்லாத விசையால் ஓடுவதே இயந்திரப் போக்குவரத்து என்று 1966இல் வனத்துறை விதி வகுத்தது. அதன்படி பார்த்தால் காலால் மிதிக்கும் சைக்கிள் அதில் அடங்காது. ஆனால் எழுபதுகளில் இதே கலிஃபோர்னியாவின் வடபகுதியில், டமால்பைஸ் மலைச்சரிவுகளில் மலைச் சைக்கிள் பிறந்து பெருகியது. 1984இல் வனத்துறை தன் விதியைத் திருத்திச் சைக்கிளையும் தடையில் சேர்த்தது. இன்றுவரை அந்தத் தடை நீடிக்கிறது. அதைத் தளர்த்தக் கோருபவர்களும் கூடாதென்று நிற்பவர்களும் ஓயவில்லை.

ஆரஞ்சு கவுண்டியின் வனப்பூங்காக்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வருபவை அல்ல. இவை கவுண்டிக்குச் சொந்தமானவை. வில்டர்னஸ் என்பது இங்கே கவுண்டி சூட்டிய பெயர் மட்டுமே. ஆகவே சைக்கிளுக்கு இங்கே இடம் உண்டு. சொல் ஒன்றாக இருந்தும் ஓரிடத்தில் சக்கரம் குற்றமாகவும் இன்னோரிடத்தில் இயல்பாகவும் இருப்பதைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சட்டத்தின் அந்தத் தடை மிகையானது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். சைக்கிள்காரன் ஒரே காலையில் நடப்பவனைப் போல மூன்று நான்கு மடங்கு தொலைவு போகிறான். அவன் விழித்தெழச் செய்யும் பறவைகளும் விலங்குகளும் அந்த அளவுக்குப் பெருகுகின்றன. இந்த இடத்தில் நமக்கு அனுமதி இருக்கிறது. அனுமதி கொடுக்கப்பட்டது என்றால் திரும்பப் பெறவும் படலாம்.

இந்த நிலம் இப்போதுள்ள நிலைக்குத் தற்செயலாக வந்துவிடவில்லை. முதலில் இது அஹாச்செமென் என்னும் பழங்குடி மக்களின் மண்ணாக இருந்தது. 1842இல் மெக்சிகோ ஆட்சியில் ஹுவான் அவிலா என்பவருக்கு ராஞ்சோ நிகெல் என்ற பெயரில் மேய்ச்சல் நிலமாக வழங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லூயிஸ் மோல்ட்டனின் கைக்கு வந்து, ஆடுமாடுகள் மேயும் பெரும் பண்ணையின் பகுதியாயிற்று. வுட் கேன்யனில் இன்றும் பழைய ஆட்டுப்பட்டி ஒன்றின் எச்சம் இருக்கிறது. 1976இல் பண்ணையின் மிச்ச நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கி, அலிசோ வியெஹோ என்ற நகரைத் திட்டமிட்டது. நகர் கட்டுவதற்கான அனுமதியோடு இணைந்த உடன்பாட்டின் பேரில் 1979இல் 3,400 ஏக்கர் கவுண்டிக்கு ஒதுக்கப்பட்டது. இன்று முகட்டில் நின்று கிழக்கே பார்த்தால், ஒரே சாயலில் ஓடு வேய்ந்த வீடுகள் விளிம்புவரை வந்து கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதும், அதற்கு இப்பால் புதர்க்காடு தொடங்குவதும் தெரியும். வீடுகளும் காடும் ஒரே உடன்பாட்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

பாதைகள் மீண்டும் திறந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அலிசியா பார்க்வே வாயிலில் இருந்தேன். ஏப்ரல் மாதத் தொடக்கம். முதல் ஒன்றரை மைல், அலிசோ ஓடையை ஒட்டிச் செல்லும் தார்ச்சாலை. ஓடையில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுகிறது. கேட்பதற்கு இனிதாக இருக்கும் அந்தச் செய்தியின் மறுபக்கம், கோடையில் ஓடுவதில் பெரும்பகுதி மேலேயுள்ள ஊர்களின் தோட்டங்களுக்குப் பாய்ச்சி வழிந்த நீர் என்பது. அலிசோ என்பது ஸ்பானிய மொழியில் ஆல்டர் மரத்தின் பெயர்; இந்த ஓடைக்கரைகளில் செழித்து நிற்கும் சிக்கமோர் மரங்களையும் கலிஃபோர்னியாவின் ஸ்பானியர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள்.

தார் முடிந்து வுட் கேன்யன் மண்பாதை தொடங்கும் இடத்தில் டயரின் ஓசை மாறும். தாரில் ஒரு சீரான முனகல். மண்ணில் பொரிகடலை மெல்வது போன்ற நொறுநொறுப்பு. அன்று அந்த ஓசை இன்னும் அடங்கியே இருந்தது, ஏனென்றால் மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருந்தது. சைக்கிள்காரனுக்கு ஆண்டிலேயே சிறந்த மண் இதுதான்: ஒட்டாது, பொடியாது, டயரைப் பிடித்து நிறுத்தி விட்டுவிடும். இன்னும் மூன்று மாதங்களில் இதே பாதை சுட்ட செங்கல்லைப் போல இறுகி, அதன்மேல் தூளும் பொடிக்கல்லும் தானியம் கொட்டியதுபோல் பரவிக் கிடக்கும். வளைவில் சற்று வேகமாகத் திரும்பினால் முன்சக்கரம் நழுவிவிடும். தரையின் நிறத்தைப் பார்த்தே இதையெல்லாம் கணிக்க வேண்டும். கருத்த இடம் ஈரம், வெளிறிய இடம் புழுதி, பளபளக்கும் இடம் பல டயர்கள் தேய்த்து இறுக்கிய தடம். சரிவுகளில் ஓரிடத்தில் பாதை வரிவரியாக, சிறு அலைகள் உறைந்ததுபோல் கிடக்கும். வேகம் ஓரளவைக் கடந்ததும் சக்கரம் ஒரு சிறு மேட்டில் துள்ளி விழுகிறது; விழுந்த இடத்தில் மண்ணை அழுத்தி முன்னே தள்ளுகிறது; அடுத்து வரும் சக்கரம் அதே இடத்தில் துள்ளி அதை இன்னும் பெரிதாக்குகிறது. எல்லாரும் மெதுவாகப் போனால் அந்த அலைகள் எழுவதே இல்லை.

பள்ளத்தாக்கின் அடியில் கோஸ்ட் லைவ் ஓக் மரங்கள் பாதையின்மீது குடை பிடிக்கின்றன. அவற்றின் கீழே மூன்று மூன்று இலைகளாகப் பளபளத்துக் கிடக்கும் பாய்சன் ஓக் செடியை முதல் ஆண்டில் நான் கவனிக்காமல் உரசிவிட்டு, இரண்டு வாரம் முழங்கை கொப்புளித்துத் துன்பப்பட்டேன். பிறகு அதைப் பற்றிப் படித்தபோது, மாமரமும் முந்திரியும் நம் ஊர்ச் சேராங்கொட்டையும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று தெரிந்தது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்ததும், சேராங்கொட்டை பட்டால் உடம்பு வீங்கும் என்று பாட்டி எச்சரித்ததும் நினைவுக்கு வந்தன. வேறு கண்டம், வேறு மண். எரிச்சல் ஒரே வம்சத்தது.

சற்றுத் தள்ளி, மணற்பாறையில் குடைந்ததுபோல் டிரிப்பிங் கேவ் என்னும் குகை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான் டியேகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடிய குதிரைக் கோச்சுகளை வழிமறித்தவர்கள் இங்கே ஒளிந்திருந்ததாகச் சொல்கிறார்கள். பொருள்களைத் தொங்கவிட முளையடித்த துளைகள் சுவரில் இருக்கின்றன; கூரை அடுப்புப் புகையால் கருத்திருக்கிறது. குகைக்குச் செல்லும் கிளைப்பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போவதே நல்லது. நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. கொள்ளையர் கதையைவிட, கூரையிலிருந்து சொட்டும் நீர்தான் எனக்குப் பிடித்தது.

பள்ளத்தாக்கின் வடகோடியில் சோயா என்ற குறுகிய பாதை இடப்புறம் திரும்பி முகட்டுக்கு ஏறுகிறது. சோயா என்பது ஒருவகைக் கள்ளியின் பெயர். ஏற்றம் நீளமானதன்று, ஆனால் செங்குத்து. உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். சீட்டின் முன்முனைக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, இரண்டு சக்கரங்களுக்கும் எடையைப் பங்கிட்டு, மூச்சுக்கு ஏற்ப மிதிக்க வேண்டும். நான் இன்றும் பாதி நாள்களில் ஓரிடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அப்படித் தள்ளிக்கொண்டு போன ஒரு நாளில்தான் பக்கத்துச் சரிவில் சப்பாத்திக்கள்ளியை நின்று பார்த்தேன்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலியோரம் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அது நம் மண்ணிலேயே தோன்றியது என்று நினைப்பார்கள்; நானும் நினைத்தேன். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். சாயப்பூச்சி வளர்ப்பதற்காக ஐரோப்பியர்கள் கொண்டுவந்தது, தென்னிந்தியாவில் வயலும் மேய்ச்சல் நிலமும் தெரியாமல் படர்ந்து, கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து வரவழைத்த இன்னொரு வகைப் பூச்சியால்தான் கட்டுக்குள் வந்தது. இங்கே இந்தச் சரிவில் அதன் உறவினம் தன் வீட்டில் இருக்கிறது. அதன் முள்களுக்கு நடுவே காக்டஸ் ரென் என்னும் சிறு பறவை கூடு கட்டுகிறது. அதே சரிவில், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது கடுகு. ஆம், நம் தாளிப்புக் கடுகின் கருங்கடுகு வகைதான். ஸ்பானியப் பாதிரிமார்கள் தாங்கள் நடந்த வழியை அடையாளம் காண விதைத்துக்கொண்டே போனார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், பழைய உலகத்திலிருந்து வந்த அந்தச் செடி இங்கே வேலியே இல்லாமல் பெருகி, மண்ணில் கலக்கும் தன் ரசாயனத்தால் உள்ளூர்ச் செடிகளை முளைக்கவிடாமல் தடுத்து, கோடையில் காய்ந்து நெருப்புக்கு விறகாகிறது. அங்கே பகையாக வந்தது இங்கே குடிமகன். அங்கே குடிமகனாக இருப்பது இங்கே பகை. ஏப்ரலில் இந்த மஞ்சள் குன்றுகளைப் படமெடுக்க மக்கள் வருகிறார்கள். அழகு என்று சொல்ல எனக்கும் வாய் வருகிறது. பிறகு மனம் தடுக்கிறது.

நெருப்பு இங்கே வெறும் பேச்சன்று. 2022 மே 11 அன்று இந்தப் பூங்காவின் தென்பகுதிப் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, கடற்காற்றின் போக்கில் மேலேறி, ஏறத்தாழ 200 ஏக்கரையும் லகுனா நிகெலில் 20 வீடுகளையும் எரித்தது. மறுமாதம் நான் பார்த்தபோது அந்தச் சரிவு கரித்துணி விரித்ததுபோல் இருந்தது. அடுத்த மழைக்குப் பின் முதலில் பச்சை காட்டியவற்றுள் கடுகும் இருந்தது.

சோயா ஏறி முடித்தால் வெஸ்ட் ரிட்ஜ். அகலமான தீயணைப்புச் சாலை; முகட்டின்மீதே ஏறி இறங்கிச் செல்வது. கிராவல் சைக்கிளுக்கென்றே வெட்டியதுபோன்ற பாதை என்றால் எனக்கு இதுதான். மேற்கே பசிபிக்; தெளிந்த நாளில் அதன் நடுவே காட்டலினாத் தீவு. வடகிழக்கே 5,689 அடி உயர சாண்டியாகோ சிகரம். சாலை முடிவில் டாப் ஆஃப் த வேர்ல்ட் என்று ஊரார் சொல்லும் இடம் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து ஒரே காலையில் காலால் மிதித்து அங்கே வந்து சேர்வதால், அந்த ஆயிரம் அடி எனக்குப் பெரிய உயரம்.

மேற்கே கீழே தெரியும் லகுனா கேன்யனும் வீடுகளாகியிருக்க வேண்டியது. அங்கே 3,200 வீடுகள் கட்டும் திட்டம் இருந்தது. 1989 நவம்பர் 11 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் அந்தச் சாலை வழியே நடந்து, பொதுமக்கள் கொடுத்த குடும்பப் புகைப்படங்களை ஒட்டி எழுப்பிய ஒரு மாபெரும் படச்சுவர் வரை சென்று எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். மறு ஆண்டு லகுனா பீச் வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர், நிலத்தை விலை கொடுத்து வாங்க 2 கோடி டாலர் கடன் திரட்டவும் அதைத் தங்கள் வரியிலிருந்து அடைக்கவும் ஒப்புக்கொண்டு வாக்களித்தார்கள். அந்த நிலம் இன்று லகுனா கோஸ்ட் வனப்பூங்கா. நாம் ஓட்டும் பாதை ஒவ்வொன்றுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை இந்த முகட்டில் நின்றுதான் நான் அறிந்தேன். என் பங்கு அதில் ஒரு காசுகூட இல்லை, அவர்கள் நடந்தபோது நான் வேறொரு நாட்டில் பள்ளிச் சிறுவன்.

இதில் ஒரு பறவைக்கும் பங்கு உண்டு. கலிஃபோர்னியா நாட்கேட்சர் என்னும் சாம்பல் நிறக் குருவி, எடை ஆறு கிராம் அளவு. பூனைக்குட்டி சிணுங்குவதுபோல் கத்தும். இங்கே கடலோரச் சேஜ் புதர்களை விட்டு அது பெரும்பாலும் விலகாது. அந்தப் புதர்நிலம்தான் வீடு கட்டுவதற்கும் மிகவும் விலைபோவது. 1993இல் அது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகக் கூட்டரசுப் பட்டியலில் சேர்ந்தது. எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று கவுண்டியின் நடுப்பகுதிக்கும் கடலோரத்துக்குமாக 1996இல் ஒரு பெருந்திட்டம் உருவாகி, ஏறத்தாழ 37,000 ஏக்கர் பாதுகாப்புக்குள் வந்தது. வெஸ்ட் ரிட்ஜில் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் அந்தச் சிணுங்கலுக்காகக் காத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது இரண்டே முறை.

இறக்கத்துக்கு மேத்திஸ் கேன்யன் பாதை. இங்கே கிராவல் சைக்கிளின் எல்லை தெரிந்துவிடும். முன்ஃபோர்க்கில் அதிர்ச்சி தாங்கி இல்லை. மலைச் சைக்கிள்கள் அநாயாசமாக இறங்கும் இடத்தில் என் கைகள் நடுங்கும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்தி இறங்க வேண்டும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணை உழுதுகொண்டு வழுக்கும். வழுக்கல் ஓட்டுபவனுக்கும் கேடு, பாதைக்கும் கேடு. அன்று பாதி இறக்கத்தில் எதிரே குதிரையில் ஒரு மூதாட்டி ஏறி வந்தார். சைக்கிள்காரன் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பதே இங்குள்ள முறை. நான் இறங்கிச் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, உரக்கக் காலை வணக்கம் சொன்னேன். பேச்சில்லாமல் நிற்கும் ஹெல்மெட் அணிந்த உருவம் குதிரைக்கு ஒரு விலங்கு. குரல் கேட்டால்தான் அது மனிதன் என்று அடங்கும். இதை எனக்கு முன்பு சொல்லிக்கொடுத்ததும் இப்படி எதிரே வந்த ஒரு குதிரைக்காரர்தான். மூதாட்டியின் குதிரை காதை என் பக்கம் திருப்பிவிட்டு நிதானமாகக் கடந்து போயிற்று.

மேத்திஸின் கீழ்ப்பகுதியில், பாதை களிமண்ணுக்குள் இறங்கும் ஓரிடத்தை நான் எப்போதும் மெதுவாகத்தான் கடக்கிறேன். என் முதல் குளிர்காலத்தில், மழைக்கு மறுநாள், பலகையைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் நான் இங்கே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. முதல் அரை மைல் ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மண் டயரில் அப்பிக்கொள்ளத் தொடங்கி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே திணிந்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டிச் சுரண்டி, கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறினேன். வாரம் ஒன்று கழித்து வந்து பார்த்தபோது, என் டயர் கிழித்த பள்ளம் நேர்கோடாக, நாலு விரல் ஆழத்தில், உலர்ந்து கல்லாகியிருந்தது. அது அந்த வசந்தம் முழுவதும் இருந்தது, கோடை முழுவதும் இருந்தது. பின்னால் வந்த டயர்கள் அதில் சிக்கித் தடுமாறி, அதைத் தவிர்க்கப் புல்லின்மீது ஏறி, பாதை ஒரு முழம் அகலமாயிற்று. மறு குளிர்காலத்தில் மழைநீர் அந்தப் பள்ளத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடி, அதை ஒரு சாண் அகலத்துக்கு அறுத்தது. பிறகு யாரோ மண் கொட்டிச் சமன்செய்து, நீர் வடிய ஒரு குறுக்கு வரப்பும் இட்டிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டிலிருந்து மழைக்குப் பின் மண்ணைக் கையில் உருட்டிப் பார்க்காமல் நான் எந்தப் பாதையிலும் இறங்குவதில்லை.

மொத்தம் இருபது கிலோமீட்டர் அளவு. வாகன நிறுத்தத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, காரிலிருந்து பழைய பல்துலக்கியை எடுத்து டயரின் பள்ளங்களைத் தேய்த்தேன். ஓரிடத்து விதைகளை இன்னோரிடத்துக்குச் சுமந்து போவதில் டயருக்கும் செருப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அடுத்த வாரம் வேறொரு பூங்காவுக்குப் போவதாக இருந்தேன். பின்டயரில் வெள்ளைப் புள்ளியாகத் திரவம் கசிந்து உறைந்திருந்த இடத்தில் ஒரு முள் இருந்தது. ஆட்டுத்தலை போல இரண்டு கொம்புகளோடு, கடினமாக, போன ஆண்டுக் காய்ந்த காய். இங்குள்ள சைக்கிள்காரர்கள் இதை ஆட்டுத்தலை என்று பொருள்படும் பெயரில்தான் அழைக்கிறார்கள். தார்ச்சாலையின் ஓரங்களில் படர்ந்து கிடக்கும் இதை அவர்கள் வேறு எந்த முள்ளையும்விட வெறுக்கிறார்கள். 1961இல் இதைக் கட்டுப்படுத்தவென்றே வெளிநாட்டிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இது நம் நெருஞ்சி. பெயரளவில் உறவல்ல, அதே செடி. வெறுங்காலோடு ஓடிய நாள்களில் என் குதிகாலில் ஏறியதும், சிறுநீர்க் கல்லுக்கென்று அம்மா வேகவைத்து இறுத்துக் கொடுத்ததும் இதுவே.

சாமணத்தால் பிடித்து மெல்ல இழுத்தேன். காற்று சீறியது, சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன், திரவம் துளையைத் தேடி வந்து அடைத்தது. முள்ளைக் கீழே போட வேண்டிய கை நின்றது. அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன்.